ஏறுவதற்கு முன் இறங்கும் கணக்கு: மலையேறுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1865 ஜூலை 14 அன்று ஆங்கில மலையேறி எட்வர்ட் விம்பரின் குழு ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்தது. மொத்தம் ஏழு பேர். உச்சிவரை எல்லாம் நல்லபடியாகவே போனது. இறங்கும் வழியில், குழுவிலேயே அனுபவம் குறைந்தவருக்குக் கால் வழுக்கியது. ஒரே கயிற்றில் கட்டியிருந்ததால் அவரோடு மூன்று பேர் சரிந்தார்கள், கயிறு அறுந்தது. உயிரோடு கீழே வந்தது மூன்று பேர்தான்.

அதற்குப் பிறகு கயிறு மாறிவிட்டது, காலணி மாறிவிட்டது, வானிலை அறிவிப்பு கைபேசிக்கே வந்துவிடுகிறது. ஆனால் இறங்கும் நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது. கால் களைத்திருக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும், வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த வேலை முடிந்தது என்று மனசு தளர்ந்திருக்கும். அதனால் மலைப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கடைசியிலிருந்து தொடங்குங்கள். வண்டி நிற்கும் இடத்துக்கு எத்தனை மணிக்கு, எந்த நிலையில் வந்து சேர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி உச்சிக்குப் போங்கள். கீழே உள்ள படிகள் அந்த எண்ணத்தில்தான் எழுதப்பட்டவை. ஒரு நாள் மலைநடைக்கும் சில நாள் உயரமலைப் பயணத்துக்கும் இது பொருந்தும். கயிற்றில் இறங்குவதைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு.

1. வரைபடத்தில் இறங்கிப் பாருங்கள்

வரைபடத்தை விரித்ததும் எல்லோருடைய விரலும் அடிவாரத்தில் தொடங்கி உச்சிக்குப் போகும். நீங்கள் உச்சியில் விரலை வைத்துக் கீழே வாருங்கள். உடனே ஒரு விஷயம் தெரியும். ஏறும்போது கிளைப்பாதைகள் எல்லாம் நம்மிடம் வந்து சேர்கின்றன, எந்தப் பாதையில் போனாலும் மேலேதான் போவோம். இறங்கும்போது அதே இடங்கள் பிரிகின்றன. உச்சியிலிருந்து கிளம்பும் திசையில் கொஞ்சம் பிசகினால்கூட வேறொரு மலைமுதுகில் இறங்கி, வேறொரு பள்ளத்தாக்கில் போய் நிற்போம். மூடுபனியில் இது மிகச் சாதாரணமாக நடக்கும்.

ஆகவே மூன்று குறிப்புகளை எழுதிக்கொள்ளுங்கள். உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கும் திசை எத்தனை டிகிரி என்பது முதலாவது. இறங்கும் வழியில் பாதை பிரியும் ஒவ்வொரு இடமும் உச்சியிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே இடமா வலமா என்பது இரண்டாவது. நாம் தவறிப் போனால் எதைக் கண்டதும் தெரியும் என்பது மூன்றாவது: 'ஓடைச் சத்தம் இடப்பக்கம் கேட்டால் நாம் தப்பான முதுகில் இருக்கிறோம்' என்பது மாதிரி. இந்த மூன்றாவது குறிப்பைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. ஆனால் உண்மையில் கைகொடுப்பது இதுதான்.

சரிவின் செங்குத்தைச் சமவுயரக் கோடுகளிலிருந்தே (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) கணக்கிடலாம். 1:50,000 அளவு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 500 மீட்டர். கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம் என்று வையுங்கள். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் ஐந்து இடைவெளிகள் இருந்தால் சரிவு சுமார் 11 டிகிரி. பத்து இருந்தால் சுமார் 22 டிகிரி. முதலாவதில் பேசிக்கொண்டே இறங்கலாம். இரண்டாவதில், அதுவும் சரளைக்கல்லாக இருந்தால், பேச்சு தானாக நின்றுவிடும்.

பாதை தொலைந்தால் ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மலையில் அதை நம்ப வேண்டாம். ஓடை தனக்குச் சுலபமான வழியில் போகிறது, அதற்கு அருவியும் ஒரு சுலபமான வழிதான். வழுக்குப்பாறைகளில் இறங்கிக்கொண்டே போய், மேலேயும் ஏற முடியாமல் கீழேயும் போக முடியாமல் மாட்டிக்கொள்வோம். கடைசியாகத் தெளிவாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பி ஏறுவது கசப்பான வேலை. ஆனால் அதுதான் சரி.

கைபேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து, ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் பெரும்பாலான கைபேசிகளில் ஜிபிஎஸ் வேலை செய்யும், கிளம்புவதற்கு முன் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி வேகமாகப் படுத்துவிடும் என்பதால் கைபேசியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். காகித வரைபடமும் திசைகாட்டியும் குழுவில் ஒருவரிடமாவது இருக்கட்டும்.

2. கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்புங்கள்

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு எளிய விதி சொன்னார். இன்றும் அதுதான் அடிப்படை. ஒவ்வொரு 5 கிலோமீட்டர் தூரத்துக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இறக்கத்துக்கான திருத்தத்தைப் பின்னாளில் எரிக் லாங்முயர் என்ற மலையேறி சேர்த்தார்: 12 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இருந்தால், ஒவ்வொரு 300 மீட்டர் இறக்கத்துக்கும் 10 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவழித் தூரம் 5 கிலோமீட்டர், ஏற்றம் 1,200 மீட்டர். ஏறுவதற்குத் தூரத்துக்காக 1 மணி, உயரத்துக்காக 2 மணி, ஆக 3 மணி. இறங்குவதற்குத் தூரத்துக்காக 1 மணி, செங்குத்துக்காக 40 நிமிடம், ஆக 1 மணி 40 நிமிடம். இது நல்ல உடற்கட்டு உள்ள ஒருவர், நிற்காமல், நல்ல தடத்தில் நடக்கும் நேரம். பையோடு போகும் புதியவர்கள் இருக்கிற குழுவுக்கு ஒன்றரை மடங்கு போடுங்கள். ஏற்றம் நாலரை மணி, இறக்கம் இரண்டரை மணி என்று வரும். ஓய்வு, சாப்பாடு, போட்டோ, அவிழ்ந்த லேஸ் எல்லாவற்றுக்கும் ஏறும்போது ஒரு மணியும் இறங்கும்போது அரை மணியும் சேர்த்தால், ஐந்தரையும் மூன்றும். மொத்தம் எட்டரை மணி நேரம்.

இப்போது பின்னோக்கி வாருங்கள். சூரியன் மறைவது மாலை 6 மணி. கீழே வந்து சேர்வது 4 மணிக்கு என்று வையுங்கள். மீதி இரண்டு மணி நேரம் கையிருப்பு, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. 4 மணிக்குக் கீழே வர வேண்டுமானால் உச்சியை விட்டு 1 மணிக்குக் கிளம்பியாக வேண்டும். பிற்பகலில் இடி இடிக்கும் பருவம் என்றால் அதையும் 12 மணியாக்குங்கள். ஏற ஐந்தரை மணி. ஆக, கிளம்புவது காலை 6 மணி, ஆறரையைத் தாண்டக் கூடாது. 'எட்டு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பலாம்' என்ற நண்பருக்குப் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது, அவரோடு வாதாடத் தேவையில்லை.

எட்டரை மணி நேரம் நம்மால் முடியாது என்று தோன்றினால் சின்ன மலையைத் தேர்ந்தெடுங்கள். கணக்கைச் சுருக்காதீர்கள்.

3. திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே பேசி முடியுங்கள்

மேலே சொன்ன 12 மணிதான் உங்கள் திரும்பும் நேரம். உச்சி பத்து நிமிடத் தூரத்தில் இருந்தாலும், 12 அடித்ததும் திரும்ப வேண்டும். சொல்வது சுலபம்தான். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது மூளை வக்கீலாகிவிடும், ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு நியாயம் சொல்லும். அதனால்தான் அந்த முடிவை மூளை தெளிவாக இருக்கும் அடிவாரத்தில், எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

1996 மே மாதம் எவரெஸ்டில் இதன் இரண்டு பக்கங்களும் தெரிந்தன. ஸ்வீடனிலிருந்து சைக்கிளில் வந்த யோரான் க்ராப், துணை ஆக்சிஜன் இல்லாமல் தனியாக ஏறி, உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் உயரம் இருக்கையில் நேரமாகிவிட்டது என்று திரும்பினார். அடுத்த சில நாட்களில், மே 10 அன்று, பிற்பகல் 2 மணியைத் தாண்டியும் பலர் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். இறங்குவதற்குள் புயல் பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு நாட்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். க்ராப் அதே மாதம் 23-ஆம் தேதி உச்சியைத் தொட்டுவிட்டுப் பத்திரமாக இறங்கினார்.

நேரம் மட்டும் போதாது, வேறு சில எல்லைகளையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பாதித் தண்ணீர் தீர்ந்தால் திரும்புவோம். முகட்டில் கருமேகம் ஏறினால் திரும்புவோம். ஒருவர் 'எனக்குச் சரியாகப் படவில்லை' என்றால் காரணம் கேட்காமல் திரும்புவோம். இந்தக் கடைசி விதி குழுவில் கூச்ச சுபாவம் உள்ளவரைக் காப்பாற்றும். பாதி வழியில் ஒரு சோதனைப் புள்ளியும் வையுங்கள். 600 மீட்டர் உயரத்தை 8.45-க்குள் தொட வேண்டும் என்று திட்டம், ஆனால் தொட்டது 9.45 என்றால், உச்சியைப் பற்றிய முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிட்டது.

அப்புறம், கூட வராத ஒருவரிடம் திட்டத்தை எழுதிக் கொடுங்கள். எந்தத் தடம், எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கீழே, எத்தனை மணிவரை தகவல் இல்லையென்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

4. பையில் போவது இறக்கத்துக்கானது

ஏறும்போது பையில் இருக்கும் பல பொருட்கள் வெறும் பாரமாகத் தெரியும். அவை மாலை நாலு மணிக்கானவை. பகல் பயணத்துக்கு ஹெட்லேம்ப் (தலையில் மாட்டும் விளக்கு) எதற்கு என்ற கேள்வி எப்போதும் வரும். கணுக்கால் சுளுக்கிய ஒருவரோடு இறங்கும்போது மூன்று மணி நேரம் ஆறு மணி நேரமாகும், அதற்குத்தான். கைபேசி டார்ச் மாற்றாகாது. ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், உதவிக்கு அழைக்க வேண்டிய பேட்டரியையும் தின்றுவிடும்.

உடை விஷயத்தில் ஒரு கண்டிப்பு: உடம்பை ஒட்டிய சட்டை பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல், நின்ற ஐந்தாவது நிமிடத்திலிருந்து உடம்பைக் குளிர வைக்கும். பாலியெஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி உள்ளே, ஃப்ளீஸ் நடுவில், காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் வெளியே. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். நம்முடைய 1,200 மீட்டருக்கு ஏறக்குறைய 8 டிகிரி. அதன்மேல் காற்றும் சேர்ந்தால், அடிவாரத்து வெயிலை வைத்து உடுத்தியவர் நடுங்கிக்கொண்டுதான் இறங்குவார்.

தண்ணீருக்கு மணிக்கு அரை லிட்டர் என்று தொடங்கி, வெயிலுக்கும் உடம்புக்கும் ஏற்ப மாற்றுங்கள். வழியில் எடுக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால்தான் இந்தக் கூடுதல் நேரம். நிறையக் குடிப்பவர்கள் உப்பும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெறும் தண்ணீராகவே அளவுக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி அதுவே ஆபத்தாகும்.

மீதி: விசில், முதலுதவிப் பொருட்கள், அவசரப் போர்வை, தொப்பி, வெயில் கண்ணாடி, கொஞ்சம் கூடுதல் உணவு. பனி படர்ந்த மலை என்றால் கண்ணாடியை மறக்கவே கூடாது. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும், கண்ணின் மேற்பரப்பு வெந்துவிடும்.

5. இறங்கும் தசையைப் பழக்குங்கள்

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. மூச்சு வாங்காததால் சுலபமாக இருக்கும். ஆனால் தசைநார்கள் நுண்ணிய அளவில் சிதைவது இந்த வேலையில்தான் அதிகம். இரண்டாம் நாள் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவது இதனால்தான். ஓடுபவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும், மூச்சு நன்றாக இருந்தும், இறக்கத்தில் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தொடங்கினால் நல்லது. ஒரு படிக்கட்டில் நின்று, ஒரு காலை முன்னால் தொங்கவிட்டு, நின்ற காலை மூன்று விநாடி எடுத்து மெதுவாக மடக்கி, தொங்கும் குதிகால் கீழ்ப்படியைத் தொட்டதும் மேலே வாருங்கள். முட்டி உள்பக்கம் சாயாமல், பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து, மூன்று சுற்று, வாரத்துக்கு இரண்டு நாள். வாரக் கடைசியில் பையோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள். லிஃப்டில் இறங்கினால் பயிற்சியின் முக்கியமான பாதி போய்விடும்.

காலணியைக் கடையில் சரிபார்க்கும்போது சரிவான பலகையில் கீழ்நோக்கி நின்று பாருங்கள். பெருவிரல் முன்பக்கம் முட்டினால் அந்த ஜோடி வேண்டாம்.

6. ஏறும்போது சேமியுங்கள்

இதில் நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள். மூச்சிரைத்து இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லையென்றால் வேகம் கூடிவிட்டது. குழுவில் மெதுவானவர் முன்பக்கம் இருக்கட்டும். பின்னால் விட்டால், மற்றவர்கள் உட்கார்ந்து ஓய்வெடுத்து எழுந்த நேரத்தில் அவர் வந்து சேர்வார், அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. ஒவ்வொரு கிளைப்பாதையிலும் ஒரு விநாடி திரும்பி நின்று, வந்த வழி எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். மாலையில் பார்க்கப்போவது அந்தக் காட்சியைத்தான்.

7. உயரமும் இடியும்: இரண்டுக்கும் மருந்து கீழே இருக்கிறது

2,500 மீட்டருக்கு மேல் இரவு தங்கும்போது உயரநோய் வரலாம். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி, சாப்பாட்டில் வெறுப்பு எல்லாம் அதன் அடையாளங்கள். வயது, உடற்கட்டு, முந்தைய அனுபவம் எதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்குவது பொதுவான மருத்துவ அறிவுரை. பகலில் இன்னும் மேலே போய்விட்டு வரலாம். கணக்கு தூங்கும் உயரத்துக்குத்தான்.

தலைவலியோடு ஒருவர் படுத்திருந்தால் அன்று மேலே போகக் கூடாது. ஓய்விலும் மூச்சுத் திணறல், விடாத இருமல், நுரையோடு சளி இருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம் இருந்தால் மூளையில் வீக்கமாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் தரையில் ஒரு நேர்க்கோடு கிழித்து, ஒரு பாதத்தின் குதிகால் இன்னொன்றின் விரல்நுனியைத் தொடுகிறபடி அடி அடியாக நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். துணையோடு உடனே கீழே இறக்குங்கள், ஆயிரம் மீட்டர் இறங்கினாலே பெரும்பாலும் தேறத் தொடங்குவார்கள். அசட்டசோலமைடு மாத்திரையை முன்கூட்டியே எடுப்பதா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அது உடம்பு பழகுவதற்கு உதவும், அவசரமாக ஏறுவதற்கு அனுமதிச்சீட்டு ஆகாது.

இடிக்கு, மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடிச்சத்தம் வரும்வரை ஆன விநாடிகளை மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 விநாடிக்குள் சத்தம் வந்தால் மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. உச்சி, முகடு, தனி மரம், குகை வாசல் எல்லாவற்றையும் விட்டு விலகி இறங்குங்கள். ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுப் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மீண்டும் முகட்டுக்கு வரலாம்.

8. இறங்கும் கலை

உச்சியில் போட்டோ எடுத்ததும் அப்படியே கிளம்பிவிடாமல், பத்து நிமிடம் இறக்கத்துக்கான தயாரிப்புக்கு ஒதுக்குங்கள். ஏதாவது சாப்பிடுங்கள். லேஸை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து, கணுக்கால் மடிகிற இடத்தில் ஒரு கூடுதல் சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். பாதம் முன்னால் சறுக்காமல் இருந்தால்தான் பெருவிரல் நகம் கறுக்காமல் திரும்பும். (நகத்தை முந்தைய வாரமே ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.) நடைக்கம்புகளை ஏறும்போது இருந்ததைவிட ஐந்து பத்து சென்டிமீட்டர் நீளமாக்குங்கள். எழுதி வைத்த திசையைத் திசைகாட்டியில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு முதல் அடி வையுங்கள்.

செங்குத்தில் பயம் வந்தால் உடம்பு தானாகவே பின்னால் சாயும். அப்போது எடை குதிகாலுக்குப் போய், காலணியின் அடிப்பகுதி முழுதாகத் தரையைப் பிடிக்காமல் வழுக்கும். இடுப்பைப் பாதத்துக்கு நேர்மேலே கொண்டுவாருங்கள். முட்டி லேசாக மடிந்தே இருக்கட்டும். அடிகள் குட்டையாக, உங்களுக்கே எரிச்சல் வருமளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். கம்பு முதலில் கீழே ஊன்றும், அதில் கொஞ்சம் எடை போகும், பிறகுதான் கால். கம்பின் கைப்பட்டைக்குள் கையை நுழைக்காமல் பிடிப்பது நல்லது. விழும்போது கை விடுபட வேண்டும்.

சரளைச் சரிவில் எதிர்மாறாக, குதிகாலை ஊன்றி, கல்லோடு சேர்ந்து கொஞ்சம் சறுக்கவிட்டு இறங்கலாம். ஆனால் இது ஆழமான சிறு சரளைக்கு மட்டும். பாறைமேல் மெல்லியதாகச் சரளை கிடந்தால் அது உருளும் குண்டுமணிதான், பக்கவாட்டில் திரும்பி ஒவ்வோர் அடியையும் சோதித்து வையுங்கள். ஒருவருக்கு நேர்க்கீழே இன்னொருவர் நடக்காதீர்கள். கல் உருண்டால் உடனே 'கல்!' என்று கத்துங்கள், யார் மேலும் படாது என்று தோன்றினாலும் கத்துங்கள்.

ஈரமான வேர், பாசி பிடித்த பாறை, இலைச்சருகு மூடிய படி இந்த மூன்றிலும் கண்ணை எடுக்கக் கூடாது. மலைச் சுற்றுப்பாதையில் வளைவுகளை வெட்டிக் குறுக்கே இறங்க ஆசை வரும். அந்தக் குறுக்குத் தடங்களில் அடுத்த மழையில் தண்ணீர் ஓடி மண் அரித்துப் பாதையே போய்விடும், முட்டிக்கும் அது நல்லதல்ல.

கடைசி ஒரு மணி நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டி நிற்கும் இடம் தெரிய ஆரம்பிக்கும், பாதையும் நல்லதாகியிருக்கும், எல்லோரும் வேகமெடுப்பார்கள். நான் குழுவோடு போனால் அங்கே ஒரு கட்டாய நிறுத்தம் வைப்பேன். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி லேஸ் கட்டிவிட்டுத்தான் நகர்வோம். முணுமுணுப்பு வரும், வரட்டும்.

9. கயிற்றில் இறங்குபவர்களுக்கு

ராப்பெல் செய்வதை, அதாவது கயிற்றில் தொங்கி இறங்குவதை, பயிற்சியாளர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். எழுத்தில் படித்துப் பழகும் வித்தை அல்ல. கற்றவர்களும் தவறவிடும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கயிற்றின் இரண்டு நுனிகளிலும் முடிச்சுப் போடுங்கள். கயிறு தரையைத் தொடுகிறது என்று நினைத்து இறங்கி, நுனி இறங்கு கருவிக்குள்ளிருந்து (கயிற்றை இறுக்கி வேகத்தைக் குறைக்கும் கருவி) உருவிப் போவதால் தேர்ந்தவர்களும் இறந்திருக்கிறார்கள். கயிற்றின் நடுப்புள்ளி நங்கூரத்தில் (கயிறு பாறையில் மாட்டப்பட்டிருக்கும் இடம்) சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கு கருவிக்குக் கீழே புருசிக் போன்ற ஒரு பிடிமுடிச்சு இருந்தால், கை தவறினாலும் அது பிடித்துக்கொள்ளும். பாதுகாப்புப் பட்டையை நங்கூரத்திலிருந்து கழற்றுவதற்கு முன், முழு எடையையும் இறங்கு கருவியில் போட்டுத் தொங்கிப் பாருங்கள். கராபினர் (கொக்கி வளையம்) பூட்டியிருக்கிறதா, இடுப்பில் கட்டும் ஹார்னஸின் பக்கிள் சரியா, நீண்ட தலைமுடியோ சட்டை நுனியோ கருவிக்குள் போகுமா என்று துணைவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். பாறை ஏறி முடித்து இறக்கிவிடும்போதும் இதே கதைதான். பிலே செய்பவரின் (கீழே நின்று கயிற்றைப் பிடித்திருப்பவரின்) பக்கம் உள்ள கயிற்று நுனியில் முடிச்சு இல்லையென்றால் ஏறத் தொடங்கக் கூடாது.

10. மாட்டிக்கொண்டால்

நிற்க வேண்டும், உட்கார வேண்டும், உடனே ஜாக்கெட் போட வேண்டும். அசையாமல் இருக்கும் உடம்பு வேகமாகக் குளிரும். காயம்பட்டவரை வெறும் தரையில் விடாமல் பை, கயிறு, பாய் எதையாவது அடியில் போடுங்கள். நடுங்குகிறவருக்கு ஈரத்துணியைக் களைந்து உலர்ந்ததைப் போட்டு, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். மது கூடாது. வாய் குழறி, கை தடுமாறி, நடுக்கம் நின்றும் சூடு வராதவர் மோசமான நிலையில் இருக்கிறார். அவரை நடக்க வைக்காமல், உடம்பைத் தேய்க்காமல், படுத்த நிலையிலேயே மெதுவாகக் கையாள வேண்டும்.

உதவிக்கான சர்வதேச மலைச் சைகை ஒரு நிமிடத்தில் ஆறு முறை. விசிலோ டார்ச்சோ, பத்து விநாடிக்கு ஒன்று, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்றாக வரும். பதில் வந்த பிறகும் தேடுபவர்கள் கண்டுபிடிக்கும்வரை ஊதிக்கொண்டே இருங்கள். ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் விரித்துத் தூக்கினால் 'உதவி வேண்டும்' என்று பொருள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் 'வேண்டாம்'. வெறுமனே கையாட்டி வழியனுப்பும் வழக்கம் இங்கே குழப்பிவிடும்.

11. கீழே வந்தபின்

முதல் வேலை, யாரிடம் திட்டத்தை எழுதிக் கொடுத்தோமோ அவருக்குத் தகவல் சொல்வது. தூக்கக் கலக்கத்தில் இதை மறந்துவிட்டு, ஒரு மீட்புக் குழு இருட்டில் ஏறத் தொடங்கினால் அவர்கள் உயிருக்கும் ஆபத்து.

அடுத்தது, அன்றிரவே நேரங்களை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், சோதனைப் புள்ளியை எப்போது தொட்டோம், உச்சி எப்போது, கீழே எப்போது என்பதையெல்லாம் நெய்ஸ்மித் கணக்கோடு ஒப்பிட்டால் உங்கள் குழுவின் உண்மையான பெருக்கல் எண் தெரிந்துவிடும். சிலருக்கு 1.3 வரும், சிலருக்கு 1.8. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள், பெரும்பாலும் அவை ஒன்றாக இருக்காது. அடுத்த மலைக்கு ஒன்றரைக்குப் பதிலாக அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.